மாட்டுக்குப் போட்ட ஊசி

காலை ஒன்பதரை மணிவரை அது அசையவே இல்லை. மோயாற்றின் கரையில் ஓங்கி நின்ற நீர்மருதின் உச்சிக் கிளையில், கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, மார்கழிக் குளிரில் கம்பளி போர்த்திய கிழவரைப் போல உட்கார்ந்திருந்தது. நாங்கள்தான் பொறுமையிழந்து பைனாகுலரை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தோம். கூட வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் இருளர். அவருக்கு எந்த அவசரமும் இல்லை. “பாறு வெயில் ஏறுனாத்தான் எந்திரிக்கும் சார். விடிஞ்சதும் எறங்கி மேய இது என்ன கோழியா?” என்றார்.

பாறை சுடத் தொடங்கியதும் பறவை எழுந்து நின்று இரண்டு சிறகையும் விரித்துக் காயப்போட்டது. ஏழடி அகலம் இருக்கும். முதுகின் அடிப்பக்கத்தில் சுண்ணாம்பு அடித்ததுபோல ஒரு வெள்ளைத் திட்டு. பிறகு கிளையைவிட்டுச் சரிந்து, கனத்த நாலைந்து சிறகடிப்பில் சூடான காற்றைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு அது சிறகை அடிக்கவே இல்லை. வட்டமிட்டு, வட்டமிட்டு, கண்ணுக்குப் புள்ளியாகி, புள்ளியும் இல்லாமல் போனது.

புத்தகத்தில் அதன் பெயர் வெண்முதுகுப் பாறு. ‘பாறு’ சங்க காலத்திலேயே இருந்த சொல். நாம் கைவிட்டுவிட்டோம், காட்டோரத்து மக்கள் வைத்திருக்கிறார்கள். நமக்கு அது பிணந்தின்னிக் கழுகு. ஆளைத் திட்டவும் அந்தப் பெயர்தான் உதவுகிறது. பத்திரிகைகளில் பாறு பற்றிய செய்திக்குப் பருந்தின் படத்தைப் போடுவதும் நடக்கிறது. இதற்கிடையில், நாற்பது வயதானதும் கழுகு மலையுச்சிக்குப் போய், அலகைப் பாறையில் அடித்து உடைத்து, நகங்களைப் பிடுங்கிப்போட்டு, புதிதாய் முளைத்ததும் இன்னும் முப்பது ஆண்டு வாழ்கிறது என்று ஒரு வாட்ஸ்அப் கதை வாராவாரம் வந்துவிடுகிறது. அப்படி எந்தக் கழுகும் செய்வதில்லை. அலகு உடைந்த பறவை பட்டினி கிடந்து சாகும். தன்னம்பிக்கை வகுப்புக்குக் கழுகு வேண்டியிருக்கிறது. கழுகுக்கு என்ன வேண்டும் என்றுதான் யாரும் கேட்பதில்லை.

அதற்கு வேண்டியது செத்த மாடு. உயிரோடு இருக்கும் எதையும் பாறு அடிப்பதில்லை. அதன் கால் நகங்கள் அதற்கு ஏற்றவையும் அல்ல. மோப்ப சக்தியை நம்பி அது இரை தேடுவதில்லை. எல்லாம் கண்தான். வானத்தில் ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் மிதந்தபடி, கீழே நிலத்தையும் பக்கத்தில் இன்னொரு பாறுவையும் ஒரே நேரத்தில் கவனித்துக்கொண்டிருக்கும். ஒன்று சட்டென்று இறங்கினால் பக்கத்தில் இருப்பது அதைப் பார்த்து இறங்கும், அதைப் பார்த்து அடுத்தது. பந்தி போட்ட செய்தி வானம் முழுக்கப் பரவிவிடும். பெரிய கூட்டம் வந்து உட்கார்ந்தால் ஒரு மாட்டின் சதை ஒரு மணி நேரம் தாங்காது. எலும்பும் தோலும் கிடக்கும். அதன் வயிற்று அமிலத்தின் கடுமையில், நமக்கு எமனாகும் பல கிருமிகள் கரைந்துபோகின்றன. அழுகி நாறி, புழு வைத்து, நீர்நிலையில் கலந்து, ஈயும் எலியும் நாயும் சுமந்து வந்து நம் வீட்டுக்குள் விட வேண்டியதை, அது அங்கேயே முடித்துவிடுகிறது. கூலி கிடையாது, ஓய்வூதியம் கிடையாது.

1980-களில், உலகிலேயே அதிக எண்ணிக்கையில் வாழும் பெரிய இரைப்பறவை இந்த வெண்முதுகுப் பாறுதான் என்று பறவையியலாளர்கள் கருதினார்கள். 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் அதன் எண்ணிக்கை 99.9 சதவீதம் சரிந்தது. ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று. அதன் உறவினங்களான கருங்கழுத்துப் பாறுவும், வடக்கே இமயமலை அடிவாரத்திலிருந்து அசாம் வரை வாழும் மெல்லிய அலகுப் பாறுவும் சேர்ந்து ஏறத்தாழ 97 சதவீதம் குறைந்தன. உலகில் எந்தப் பறவையினமும் இவ்வளவு வேகமாகச் சரிந்ததாகத் தெரியவில்லை. மனிதர் கை படாத தீவில் நடந்ததல்ல இது. டெல்லியின் சாலையோர மரங்களிலும் கிராமத்துக் களத்துமேட்டிலும் நம் கண்ணெதிரே நடந்தது. நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

தெரிந்துகொண்டவர்களில் முதன்மையானவர் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் விபு பிரகாஷ். ராஜஸ்தானின் பரத்பூரில், கேவலாதேவ் பூங்காவில் எண்பதுகளில் இரைப்பறவைகளை ஆராய்ந்தவர். தொண்ணூறுகளில் திரும்பிப் போனபோது, கூடுகள் நிறைந்திருந்த மரங்கள் காலியாகக் கிடப்பதைப் பார்த்தார். மிச்சமிருந்தவை கழுத்தைத் தொங்கப்போட்டபடி மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தன. பிறகு விழுந்து செத்தன. கிருமியா, பூச்சிக்கொல்லியா, ஈயமா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். எதுவும் பொருந்தவில்லை. அறுத்துப் பார்த்த உடல்களில் மட்டும் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வந்தது. ஈரலின் மேலும் இதயத்தின் மேலும் சாக்கட்டியைத் தேய்த்ததுபோல வெள்ளைப் படிவு. சிறுநீரகம் செத்துப்போய், வெளியேற வேண்டிய யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின் மேல் உப்பாகப் படிந்திருந்தது.

விடை பாகிஸ்தானின் பஞ்சாபில் கிடைத்தது. லிண்ட்சே ஓக்ஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவ அறிஞரின் குழு, நோயைத் தேடுவதை விட்டுவிட்டு ஒரு எளிய கேள்வியைக் கேட்டது: பாறு தின்பதெல்லாம் மாடு, அந்த மாட்டுக்கு இங்கே என்ன மருந்து கொடுக்கிறார்கள்? கடைகளிலும் மருத்துவர்களிடமும் விசாரித்ததில் வந்த பெயர் டைக்ளோஃபினாக். நாம் மூட்டுவலிக்கும் பல்வலிக்கும் போட்டுக்கொள்ளும் அதே மருந்து. மாட்டுக்கு மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது தொண்ணூறுகளில்தான். சிறுநீரகம் செயலிழந்து செத்த 25 பறவைகளைச் சோதித்தார்கள். 25-லும் அந்த மருந்து இருந்தது. வேறு காரணங்களால் செத்த 13 பறவைகளில் ஒன்றில்கூட இல்லை. 2004-ல் ‘நேச்சர்’ இதழில் இது வெளியானபோது மறுக்க யாருக்கும் வாய் இல்லை.

அதன்பின் போட்ட கணக்குதான் என்னைத் தூங்கவிடாத கணக்கு. பாறு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடும். குஞ்சு கூட்டைவிட்டுப் பறக்க மாதக்கணக்கில் ஆகும். அது வளர்ந்து தானும் கூடு கட்ட ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள். அழிந்ததை ஈடுகட்ட அதற்கு வழியே இல்லை. ஊர்ப் பந்திபோல ஒரே உடலில் பல பறவைகள் சேர்ந்து தின்பதால், ஒரு மாட்டில் இருக்கும் நஞ்சு ஒரு கூட்டத்தையே முடித்துவிடும். 760 மாட்டு உடல்களில் ஒன்றில் டைக்ளோஃபினாக் இருந்தாலே கண்ணில் கண்ட வேகத்துக்கு இந்த இனம் சரியப் போதும் என்று கணித்தார்கள். தடைக்கு முன் இந்தியாவில் 1,800-க்கும் மேற்பட்ட ஈரல் மாதிரிகளைச் சோதித்தபோது, பத்தில் ஒன்றில் மருந்து இருந்தது.

2006-ல் இந்தியா கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக்கைத் தடைசெய்தது. நேபாளமும் பாகிஸ்தானும் அதே ஆண்டில் தடைசெய்தன. நம் அரசுகளின் வேகத்தைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியம்தான். அந்தப் பாராட்டைக் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் மாட்டுக்குத் தடை வந்ததும் மனிதர்களுக்கான டைக்ளோஃபினாக் 30 மில்லி குப்பியில் தாராளமாகக் கிடைத்தது. மனிதருக்கு ஒரு வேளைக்கு 3 மில்லி போதும். 30 மில்லி யாருக்கு? கடைக்காரருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். இந்த ஓட்டையை அடைக்க 2015 வரை ஆனது: மனிதர்களுக்கானது இனி 3 மில்லிக்கு மேல் குப்பியில் வரக்கூடாது. மருந்து நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2017-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடையை உறுதிசெய்தது. பாறுகளின் வரலாற்றில் சென்னைக்கு இப்படியும் ஓர் இடம் உண்டு.

இங்கே கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. டைக்ளோஃபினாக் போன இடத்தில் அதன் பங்காளிகள் வந்து உட்கார்ந்தன. கீட்டோபுரோஃபென் பாறுவைக் கொல்லும் என்று 2010-க்கு முன்பே தென்னாப்பிரிக்காவில் நடந்த சோதனைகள் காட்டிவிட்டன. அசிக்ளோஃபினாக் மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடுகிறது. வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்த அதே ஆள். இவ்விரண்டும் தடைசெய்யப்பட்டது 2023-ல். நிமிசுலைடை மாட்டுக்குப் பயன்படுத்தத் தடை வந்தது 2024 டிசம்பர் கடைசியில். ஃப்ளுனிக்ஸின் மீதும் விஞ்ஞானிகள் சந்தேகம் எழுப்பியிருக்கிறார்கள். ஒரு மருந்து சந்தைக்கு வரும், பறவைகள் சாகும், ஆய்வாளர்கள் பத்தாண்டு அலைந்து நிரூபிப்பார்கள், அரசிதழில் தடை வரும், அடுத்த மருந்து சந்தைக்கு வரும். இதைப் பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கன்றுக்குட்டி ஓடிப்போன பிறகு கட்டுத்தறியைச் சரிசெய்வதுதான் இது.

கேட்க வேண்டியது ஒன்றுதான். மாட்டுக்கான எந்த வலிநிவாரணியும் பாறுவுக்குப் பாதுகாப்பானது என்று நிரூபித்த பிறகே உரிமம் பெற வேண்டும். குற்றவாளி என்று நிரூபிக்கும் சுமை பறவையின் பிணத்தின் மேல் இருக்கக்கூடாது. மருந்தை விற்பவரின் மேல் இருக்க வேண்டும். மாற்று இல்லாமல் கேட்கவில்லை. மெலாக்சிகாம் பாறுவை ஒன்றும் செய்யாது என்பது 2006-லேயே தெரியும். டோல்ஃபெனமிக் அமிலமும் பாதுகாப்பானதே. இந்த விஷயத்தில் நம்மைப் பார்த்துச் சிரிக்க ஐரோப்பாவுக்கும் அருகதை இல்லை: தெற்காசியா முழுக்கப் பிணம் விழுந்ததைப் பார்த்த பிறகும், ஐரோப்பாவின் பாறுகளில் பெரும்பகுதி வாழும் ஸ்பெயின் 2013-ல் கால்நடை டைக்ளோஃபினாக்குக்கு அனுமதி கொடுத்தது.

சட்டம் அரசிதழில் இருக்கிறது. ஊசி தொழுவத்தில் இருக்கிறது. சத்தியமங்கலம் பக்கம் என் அத்தை ஒருத்தி இரண்டு கறவை வைத்திருக்கிறாள். போன ஆண்டு அதில் ஒன்று பின்னங்காலை ஊன்ற முடியாமல் படுத்துவிட்டது. மாட்டாஸ்பத்திரி ஏழு கிலோமீட்டர். போனால் டாக்டர் முகாமுக்குப் போயிருப்பார். கூப்பிட்ட உடனே பைக்கில் வருகிறவர், ஊசி போடத் தெரிந்த ஒருவர். படித்தவர் இல்லை, கைராசிக்காரர் என்று பெயர். “என்ன மருந்துங்க அத்தை போட்டாரு?” என்று கேட்டேன். சாணி வழித்த கையை முழங்காலில் ஊன்றி நிமிர்ந்து பார்த்தாள். “அதையெல்லாம் நா எங்க கண்ணு கண்டேன்? மாடு எந்திரிச்சாப் போதுமுன்னு கும்புட்டுக்கிட்டு நிக்கறேன். நீ சீட்டக் கேக்கற” என்றாள்.

சீட்டு ஏதும் இல்லை. தொழுவத்தின் மூலையில் ஒரு காலிக் குப்பி கிடந்தது. பெயர்ச்சீட்டு நனைந்து உரிந்திருந்தது. படிக்க முடியவில்லை.

அத்தையைக் குறைசொல்ல என்னால் முடியாது. ஒரு கறவை அவளுக்கு மாதச் சம்பளம். மெலாக்சிகாம் மெதுவாகத்தான் கேட்கும் என்று ஒரு பேச்சு ஊரில் இருக்கிறது. வலியில் மாடு அரற்றும்போது மெதுவான மருந்தை யார் கேட்பார்கள்? அந்த பைக்காரருக்கும் மாடு சீக்கிரம் எழுந்தால்தான் அடுத்த அழைப்பு வரும். ஆகவே பாறுவைக் காப்பாற்றும் திட்டம் என்பது முதலில் கால்நடை மருத்துவத் திட்டம்தான். மோயாற்றைச் சுற்றியுள்ள நீலகிரி, ஈரோடு, கோவை மாவட்டங்களில் ஒவ்வொரு மாட்டாஸ்பத்திரியிலும் பாதுகாப்பான மருந்து எப்போதும் இருப்பில், இலவசமாக இருக்க வேண்டும். டாக்டர் பணியிடம் காலியாக இருக்கக்கூடாது. மருந்துக்கடையில் அதிகாரிகளின் சோதனை தீபாவளிக்கு ஒருமுறை நடப்பதாக இருக்கக்கூடாது. பாறுவுக்கு மாவட்ட எல்லையும் கிடையாது, மாநில எல்லையும் கிடையாது. காலையில் மோயாற்றில் எழுந்தது மதியம் கர்நாடகத்தில் சாப்பிடும். ஒரு தாலுகா ஒழுங்காக இருந்து பயனில்லை.

காட்டுக்குள் இன்னொரு கூத்து நடக்கிறது. முன்பு சீகூர் பீடபூமியில் மாட்டுப்பட்டிகள் ஏராளம். செத்தது அங்கேயே கிடக்கும். பட்டிகள் குறைந்துவிட்டன. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. காட்டுக்கு அது ஓய்வு. ஆனால் பாறுவின் இலையில் விழுந்த சோறும் குறைந்தது. எஞ்சியது புலியும் செந்நாயும் அடித்த மானும் காட்டெருமையும், தானாகச் செத்த யானையும். செத்த புலியை எரிக்க வேண்டும் என்பது விதி. கள்ளக் கடத்தலுக்கு அஞ்சி வைத்த விதி, நியாயம்தான். ஆனால் மற்ற உடல்களையும் சுகாதாரம் என்ற பெயரில் புதைக்கும் பழக்கத்தைக் காட்டுக்குள் கொண்டுபோனது யாருடைய யோசனை? சாலையில் வண்டி மோதிச் செத்த மானைக் குழிதோண்டிப் போடுவது, பசித்தவன் வீட்டு வாசலில் சோற்றைப் புதைப்பதற்குச் சமம்.

அதைவிடக் கொடியது நஞ்சு. புலியோ சிறுத்தையோ அடித்துப் போட்ட மாட்டின் மேல், மீண்டும் தின்ன வரும் என்று தெரிந்து பூச்சிமருந்தைத் தெளித்துவிடுவது. புலி வரலாம், வராமல் போகலாம். பாறு கட்டாயம் வரும். இதை வன்மம் என்று சொல்லித் தாண்டிவிட முடியாது. இழப்பீட்டுக்கு மனு எழுதி, போட்டோ எடுத்து, சான்றிதழ் வாங்கி, மாதக்கணக்கில் அலைகிறவன் கையில் எளிதாகக் கிடைப்பது அந்தப் பூச்சிமருந்து டப்பாதான். மாடு செத்த ஒரு வாரத்துக்குள் பணம் வீடு தேடி வந்தால், டப்பாவின் மூடி திறக்கப்படும் வாய்ப்பு குறையும்.

அரியானாவின் பிஞ்சோரில் கூண்டுகளில் பாறுகளை வளர்க்கிறார்கள். நல்ல வேலை, விதைநெல் மாதிரி. ஆனால் விதைக்க நிலம் வேண்டும். நேபாளத்தின் பித்தௌலி கிராமத்தில் 2007 முதல் நடப்பது எனக்கு அதைவிடப் பிடித்தது. கறவை வற்றிய கிழட்டு மாடுகளை ஊர்க்காரர்களே வாங்கி, இயற்கையாகச் சாகும்வரை தீனி போட்டு, மருந்து கலக்காத அந்த உடலைப் பாறுகளுக்கு வைக்கிறார்கள். ‘ஜடாயு உணவகம்’ என்று பெயர். மாட்டைக் கொல்லக்கூடாது என்ற நம்பிக்கை, பறவை வேண்டும் என்ற தேவை, இரண்டும் ஒரே பந்தியில் உட்கார்ந்துவிட்டன.

நம்மிடமும் நம்பிக்கைக்குப் பஞ்சமில்லை. வைத்தீஸ்வரன்கோவிலில் ஜடாயுவுக்கு இடம் கொடுத்தோம். திருக்கழுக்குன்றத்தில் உச்சிப்பொழுதில் வரும் இரண்டு மஞ்சள்முகப் பாறுகளுக்கு அர்ச்சகர் சர்க்கரைப் பொங்கல் வைத்ததை நேரில் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தொண்ணூறுகளோடு அவை வருவது நின்றது. கலி முற்றிவிட்டது என்றார்கள். கலியைவிட நெருக்கமான காரணம் எதையும் தேடிய மாதிரி தெரியவில்லை. சாமியாக வந்தால் பொங்கல், பசியோடு வந்தால் பிணந்தின்னி. மனிதர்களிடமும் இதைத்தான் செய்தோம்: செத்த மாட்டை இழுத்துப்போகும் வேலையை ஒரு சமூகத்தின் தலையில் கட்டினோம், அதைச் செய்ததற்காகவே அவர்களைச் சேரிக்குத் தள்ளினோம். அவர்கள் அதை உதறியது முழு நியாயம். அந்த இடத்துக்கு இப்போது நாய்கள் வந்திருக்கின்றன.

நாய்கள் என்று நான் சும்மா சொல்லவில்லை. பாறுகள் அழிந்த மாவட்டங்களில் மனிதச் சாவு விகிதம் நான்கு சதவீதத்துக்கு மேல் கூடியது என்று இயால் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2024-ல் வெளியான ஆய்வில் காட்டினார்கள். 2000 முதல் 2005 வரை ஏறக்குறைய ஐந்து லட்சம் கூடுதல் சாவுகள். அழுகும் உடல்கள், கெட்ட தண்ணீர், பெருகிய நாய்கள், வெறிநாய்க்கடி. கழுகுக்காக ஏன் இவ்வளவு கவலை என்று கேட்பவர்களிடம் நான் இப்போது அறம் பேசுவதில்லை, இந்த எண்ணைச் சொல்லிவிடுகிறேன்.

தமிழகம், கேரளம், கர்நாடகம் சேர்ந்து 2023 பிப்ரவரியில் நடத்திய கணக்கெடுப்பில் 246 பாறுகள் கண்ணில் பட்டன. அதே ஆண்டு டிசம்பரில் 320. எண்ணிய இடங்களும் நாட்களும் மாறும், ஆகவே கூடிவிட்டது என்று துள்ள வேண்டாம். ஆனால் தென்னிந்தியாவில் எஞ்சியிருக்கும் பெரிய கூட்டம் மோயாற்றை நம்பித்தான் இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. மூன்று மாநிலத்துப் பறவைகள் எல்லாவற்றையும் ஒரு கல்யாண மண்டபத்தில் உட்காரவைத்துவிடலாம். பாதி நாற்காலி மிஞ்சும்.

அத்தையின் மாடு எழவில்லை. ஒன்பதாம் நாள் செத்தது. தகவல் கேட்டுப் போனபோது, பொக்லைன் வைத்துத் தோட்டத்து மூலையில் குழிவெட்டிக்கொண்டிருந்தார்கள். 1,500 ரூபாய் வாடகை. சுண்ணாம்பும் உப்பும் தனி. அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி, “உங்க பாறு வந்திருந்தா இந்தக் காசாச்சும் மிஞ்சியிருக்குமில்ல கண்ணு” என்றாள். நான் வானத்தைப் பார்த்தேன். ஒரு காக்கைகூட இல்லை. வராததே நல்லது என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு நாள் முன்புகூட பைக்காரர் வந்து ஊசி போட்டிருந்தார்.

மூன்றாம் நாள் இரவு நாய்கள் குழியைத் தோண்டிவிட்டன.